மாமாவின் இடுப்பில் ஏழு கிலோ

பாச்சலூரில் இப்போது ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. ஞானவேல் நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாட்டில் விரதம் இருந்தாராம். தொண்டையில் இருந்த புற்றுநோய் கரைந்துபோனதாம். கூடவே தொந்தியும் கரைந்து ஆள் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டாராம். டீக்கடையில் சொல்கிறார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஏறி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அம்மாள் என்னிடமே இதைச் சொன்னார். ஞானவேல் என் தாய்மாமன். அந்த நாற்பத்தெட்டு நாளும் நான் அவர் கூடவே இருந்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு எந்தக் காலேஜிலும் சேராமல் வீட்டில் இருந்தவள் நான்தான் என்பதால் ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் கூட்டிப்போனார்கள். நடந்தது வேறு. அதை அப்படியே எழுதுகிறேன்.

மாமாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது பழனியில். பத்தொன்பது வயதில் மலையேறி வந்து பாச்சலூரில் ஒரு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றுவரை அதே மண்டிதான். மிளகு, காப்பிக்கொட்டை, எலுமிச்சை, காட்டு நெல்லி எல்லாம் அங்கே வரும். மாமாவின் வேலை எடை போடுவது. எலக்ட்ரானிக் தராசு வந்து பத்து வருஷம் ஆகியும் மிளகை மட்டும் பழைய இரும்புத் தராசில்தான் நிறுப்பார். ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் மிளகு. முள் நேராக நின்றதும் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டி, "கைய எடுத்துட்டேன், பாத்துக்கங்க" என்பார்.

இதைக் கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் வேறு சில மண்டிகளில் தட்டின் ஓரத்தில் ஒரு சுண்டுவிரல் படும், அவ்வளவுதான், ஒரு மூட்டைக்கு இரண்டு கிலோ போய்விடும். மாமாவின் விரல் பட்டதில்லை. காட்டிலிருந்து கடுக்காயும் நெல்லியும் கொண்டுவரும் ஒய்யம்மாள், மாமா சாப்பிடப் போயிருந்தால் கூடையைத் தலையிலிருந்து இறக்கவே மாட்டார். அவர் வந்த பிறகுதான் இறக்குவார்.

ஆள் பெரிய ஆள். தொண்ணூற்றாறு கிலோ. மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அவரை "நாலு கிலோ கம்மி மூட்டை" என்று கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். காலையில் எட்டு இட்லி, அதற்கு மேல் ஒரு தோசை. சின்னத்தாயி அத்தை சுட்டுச் சுட்டுப் போடுவார். பிள்ளைகள் இல்லாத வீடு. பள்ளிக்கூடத்துக்காக நான் அங்கேதான் வளர்ந்தேன். என் தட்டில் மிச்சம் இருந்தாலும் அவருக்குத்தான் போகும்.

அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் புகையிலை. வெற்றிலையில் வைத்து மடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். மண்டியின் பின்சுவர் மூலை ஒன்று இருக்கிறது. முப்பது நாற்பது பேர் வருஷக்கணக்காகத் துப்பித் துப்பி அந்த மூலை காய்ந்த ரத்தம் மாதிரி தடித்துப்போய்க் கிடக்கும். மழைக்காலத்தில் அது ஊறி வழியும். சின்ன வயதில் அந்தப் பக்கம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். அந்தச் சுவரில் மாமாவின் பங்கும் உண்டு. அதை மறைக்க முடியாது.

போன வருஷம் ஆவணியில் மாமாவின் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. கழலை என்று பற்றுப் போட்டார்கள். இரண்டு மாதம் அப்படியே போனது. சோறு விழுங்கும்போது காதுக்குள் குத்துகிறது என்று சொன்ன பிறகுதான் மதுரைக்குப் போனோம். நாக்கின் அடிப்பக்கத்தில் புற்றுநோய், கழுத்துக்கும் பரவியிருக்கிறது, ஆனால் குணப்படுத்தக்கூடிய கட்டம்தான் என்று டாக்டர் சொன்னார். முப்பத்தைந்து தடவை கரண்ட் வைக்க வேண்டும். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம், வாரம் ஒரு ஊசி. இடையில் நிற்காமல் முடித்தால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். 'இடையில் நிற்காமல்' என்பதை இரண்டு முறை சொன்னார்.

கரண்ட் வைப்பதற்கு முன்னால் ஒரு மாஸ்க் செய்தார்கள். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலை ஒன்றை மாமாவின் முகத்திலும் கழுத்திலும் அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்தார்கள். எடுத்தபோது மாமாவின் முகம் அப்படியே அதில் இருந்தது, இரட்டைத் தாடைகூட. அதைப் போட்டுக் கட்டிலோடு சேர்த்து மாட்டிவிட்டால் தலை ஒரு நூல்கூட அசையாது. அசைந்தால் கரண்ட் வேறு இடத்தில் விழும்.

பிறகு சாப்பாட்டு விஷயம் பேச ஷர்மிளா என்ற மேடத்திடம் அனுப்பினார்கள். இருபத்தெட்டு வயது இருக்கும். மாமாவைத் தராசில் ஏற்றி எழுதிக்கொண்டார். அத்தை, "கொஞ்சம் எளைச்சாத்தான் என்னங்க, சுகருக்கும் நல்லதுன்னு சொல்றாங்க" என்றார். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படி மட்டும் நெனச்சிராதீங்கம்மா. இவரு தொண்ணூத்தாறு கிலோ இருக்கறது இப்ப நமக்கு நல்லது. இனிமே குறைஞ்சா தொப்பை மட்டும் குறையாது, சதையும் சேந்து கரையும். சதை போனா புண்ணு ஆறாது, ஊசி தாங்காது. முகம் வத்திட்டா மாஸ்க் லூஸாயிரும், கரண்ட நிறுத்தணும். நாம நிறுத்துனாலும் கட்டி நிறுத்திக்காது."

குண்டாக இருப்பவர்கள் இளைத்தால் யாருக்கும் பயம் வருவதில்லை, அதனால் அவர்களைத்தான் தான் அதிகம் கவனிப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை பார்க்க வேண்டும். தொண்ணூற்றொன்றுக்குக் கீழே போனால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டுக் கஞ்சி கொடுப்பார்கள். மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மூக்குலயா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலுச்சாமி வீட்டுக்கு வந்தார். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊரிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் கூட்டத்தின் குருசாமி அவர். கெட்டவர் இல்லை. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"டாக்டர் ஏழு வாரம்னாரு. ஏழேழு நாப்பத்தொம்போது. சாமி கேக்குறது நாப்பத்தெட்டு. நீங்க கரண்டுக்குப் படுக்கிற திங்கக்கெழமையில இருந்து எண்ணுனா நாப்பத்தெட்டாம் நாளுக்குப் பூசம். இதுக்கு மேல என்ன உத்தரவு வேணும்?"

எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வந்தது. எங்கள் ஊரில் மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாளும் வெள்ளனே பச்சைத் தண்ணீரில் குளியல், மதியம் மட்டும் சோறு, ராத்திரிக்கு ஒரு பழம், பால். முட்டை கூடாது, கறி கூடாது. அத்தை மட்டும், ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றார். சாமிக்கு மாலை போட டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டுமா என்று குருசாமி கேட்டதும் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை உள்ளே போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். திங்கட்கிழமை காலையில் துளசி மாலையும் காவி வேட்டியுமாக மாமா மதுரைக்கு பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓர் அறை எடுத்திருந்தோம். வெள்ளிக்கிழமை கரண்ட் முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டு, திங்கள் விடியும் முன்னே கிளம்புவோம். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் சோறு மண் மாதிரி இருக்கிறது என்றார். மூன்றாம் வாரம் வாய் முழுக்கப் புண். உமிழ்நீர் வற்றி, மிஞ்சியது பசை மாதிரி ஆனது. வாயிலிருந்து கிண்ணம்வரை கயிறாகத் தொங்கும், அறுந்து விழாது. அத்தை அதை விரலில் சுற்றி எடுப்பார். அந்த நாற்றத்தை எழுதினால்கூட மூக்கில் அடிக்கிறது. கிண்ணத்தைக் கழுவும் வேலை என்னுடையது. ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்தேன். மாமா அதைப் பார்த்துவிடக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு எடுப்பேன்.

மதியம் கரைத்த சோறு நாலு கரண்டி உள்ளே போகும். காலையிலும் மாலையிலும் எதைக் கொடுத்தாலும் நெஞ்சில் கிடக்கும் மாலையைத் தொட்டுக் காட்டுவார். விரதம். அதற்கு மேல் யார் பேச முடியும்?

இவ்வளவுக்கும் திங்கட்கிழமை எடை குறையவே இல்லை. தொண்ணூற்றைந்து. மறுவாரமும் தொண்ணூற்றைந்து. அதற்கடுத்து தொண்ணூற்று நாலு. ஷர்மிளா மேடமே ஆச்சரியப்பட்டார். செருப்பை மட்டும் கழற்றச் சொல்வார்கள். மாலை போட்ட சாமி என்பதால் இடுப்பில் சுற்றியிருந்த துண்டையோ தொளதொளச் சட்டையையோ யாரும் தொடச் சொல்லவில்லை. முருகன் தாங்குகிறான் என்று அத்தை நம்பினார். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சனி ஞாயிறில் வீட்டுக்கு வருகிறவர்களை நினைத்தால் இன்னும் வெறுப்பாக இருக்கிறது. "மொகத்துல என்னா களை" என்பார்கள். தொந்தி போனதால் பத்து வயது குறைந்துவிட்டது என்பார்கள். ஒரு பெரியவர், இனிப்பும் பாலும் கட்டிக்குத் தீனி, அந்த ராத்திரிப் பாலையும் நிறுத்து என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் எங்கள் வாய்க்காலில் புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். குருசாமியின் மனைவி அத்தையைத் தனியாக அழைத்து, இளைப்பதற்கு என்னென்ன கொடுக்கிறாய் என்று விசாரித்தார், தன் வீட்டுக்காரருக்கும் சொல்வதற்காக. அவர்கள் குடித்த காப்பித் தம்ளர்களை நான் கழுவினேன். கிண்ணத்தைக் கழுவும்போது வந்ததைவிட அப்போது அதிகமாகக் குமட்டியது.

ஒய்யம்மாள் மட்டும் வேறு மாதிரி பேசினார். நெல்லிக்காய் கொண்டுவந்தவர் மாமாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆளு பாதியாப் போயிருக்காரே" என்றார். ஆஸ்பத்திரித் தராசில் தொண்ணூற்று நாலு காட்டுகிறது என்று அத்தை பெருமையாகச் சொன்னார்.

"அப்ப அந்தத் தராசுல யாரோ வெரலு வைக்கிறாக" என்றார் ஒய்யம்மாள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. வாய்ப்புண்ணால் என்று நினைத்தேன்.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமையும் தொண்ணூற்று நாலு. மறுநாள் செவ்வாய்க்கிழமை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை போக, இருபதாவது கரண்ட். அங்கே மாஸ்க் மாட்டுகிறவர் பிரசாந்த். மாஸ்கை மாட்டிவிட்டு மாமாவின் கன்னத்துக்கும் வலைக்கும் நடுவே விரலை விட்டிருக்கிறார். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. தலையை ஆட்டச் சொன்னாராம். மாமா ஆட்டினார், மாஸ்குக்குள்ளேயே தலை அங்கும் இங்கும் போனது. பிரசாந்த் கரண்ட் வைக்காமல் வெளியே வந்து, மாமாவின் ஃபைலைப் புரட்டிக்கொண்டே எங்களிடம் கேட்டார்.

"தொண்ணூத்தி நாலுன்னு எழுதியிருக்கு. உள்ள படுத்திருக்கிறது தொண்ணூத்தி நாலு கிலோ மொகம் இல்லையேம்மா?"

உடனே மேடத்திடம் கூட்டிப்போய் எடை பார்த்தார்கள். எண்பத்தேழு. மேடம் மிஷினைத் தட்டிப் பார்த்தார், தான் ஏறி நின்று பார்த்தார், வேறொரு தராசையும் கொண்டுவரச் சொன்னார். அதிலும் எண்பத்தேழு. ஒரே நாளில் ஏழு கிலோ எங்கே போனது என்று எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையால் சாடை காட்டினார். அறை, கட்டிலுக்கு அடியில், பை.

நான் ஓடிப்போய் எடுத்தேன். தூக்க முடியவில்லை. தினமும் மாமாவின் பையை நான்தான் சுமப்பேன். திங்கட்கிழமை மட்டும் தொட விடமாட்டார், அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மேடத்தின் மேஜையில் வைத்துத் திறந்தேன். உள்ளே வியாபாரிகள் கட்டும் பச்சை பெல்ட். அதன் பைகளில் எடைக்கற்கள். இரண்டு கிலோ மூன்று, ஒரு கிலோ ஒன்று. எங்கள் மண்டிக் கற்கள்தான். எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து அவர் கையாலேயே வழுவழுப்பானவை. முந்தின சனிக்கிழமை மண்டியில் எடைக்கல் பெட்டி பாதி காலியாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். யாரோ இரவல் வாங்கியிருப்பார்கள் என்று மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

மேடம் திட்டவில்லை. எந்த வாரம் எத்தனை கல் என்று மாமாவைக் கேட்டு, விரலால் அவர் காட்டக் காட்ட, ஃபைலில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினார். தொண்ணூற்றாறு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றொன்று, எண்பத்தொன்பது, எண்பத்தேழு. கடைசி எண்ணை எழுதிவிட்டு, பத்தில் ஒரு பங்கு உடம்பு போய்விட்டது என்றார். சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோதுதான் அத்தை விரதத்தைச் சொன்னார்.

"இத மொத நாளே ஏம்மா சொல்லல? முட்டை இல்லாம, கறி இல்லாம சைவமாவே குடுத்திருக்கலாமே. கடலை, பருப்பு, பாலு எத்தனை இருக்கு. மாலையக் கழட்டவும் வேணாம், பட்டினி கெடக்கவும் வேணாம். எங்ககிட்ட மாலை போட்டவங்க எத்தனையோ பேரு வர்றாங்க."

ஒரு கேள்வி. ஐந்து வாரத்தில் எங்களில் யாருமே கேட்காத ஒரே கேள்வி. அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

புது மாஸ்க் செய்ய வேண்டும், புதிதாக ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட வேண்டும். நடுவில் பொங்கல் விடுமுறை வேறு. ஒன்பது நாள் கரண்ட் இல்லை. அந்த ஒன்பது நாளும் டாக்டர் முதல் நாள் இரண்டு முறை சொன்ன வார்த்தை என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மாமாவின் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் கட்டி வளர்கிறதோ என்று தோன்றும். பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

குழாயை அன்றைக்கே போட்டார்கள். புண்ணான தொண்டை வழியாக அது இறங்கும்போது மாமா எழுப்பிய சத்தத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிக் குழாயின் மறுமுனையைக் காதில் மாட்டிவிட்டார்கள். பொட்டுக்கடலை, கேழ்வரகு, பாசிப்பருப்பு வறுத்துத் திரித்த மாவைப் பாலில் கரைத்து, கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசிக்குழல் வழியாக விட வேண்டும். அத்தை ஒரே நாளில் கற்றுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குருசாமி ஆறு சாமிகளோடு வீட்டுக்கு வந்தார். நடைபயணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, மாமாவை வேனில் கூட்டிப்போகலாமா என்று பேச வந்திருந்தார்கள். மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்தில் மாலை, மூக்கில் குழாய், வாயோரத்தில் வழிந்துகொண்டிருந்த கோழை. அத்தை கஞ்சி விட்டுக்கொண்டிருந்தார். வாசற்படியிலேயே ஆறு பேரும் நின்றுவிட்டார்கள். ஒருவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

"சாமி, மாலையக் கழட்டிப் படத்துக்கு முன்னால வச்சிருங்க" என்றார் குருசாமி. "எச்சியும் கொழாயுமா இருக்கையில மாலை கழுத்துல கெடக்கக் கூடாது."

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. கை ஊசிக்குழலை உயர்த்திப் பிடித்தபடியே இருந்தது. "கஞ்சி எறங்கிக்கிட்டு இருக்கு குருசாமி. எறங்கட்டும், பெறவு பேசுவோம்" என்றார்.

கஞ்சி இறங்கக் கால்மணி நேரம் ஆனது. அவர்கள் அதுவரை நிற்கவில்லை.

மாமா மாலையைக் கழற்றவில்லை. அவர்கள் நடக்கக் கிளம்பிய அன்று மதுரையில் மாமாவுக்கு இருபத்து நாலாவது கரண்ட். பூசம் வந்ததும் வீட்டிலேயே வைத்து அத்தை தன் கையால் மாலையைக் கழற்றினார். அதற்கு இரண்டு வாரம் கழித்து முப்பத்தைந்தும் முடிந்தது. கடைசி நாள் எடை, பெல்ட் இல்லாமல், எண்பத்தாறு. குழாய் போட்ட பிறகு ஒரு கிலோதான் இறங்கியிருந்தது. பங்குனிக்குள் குழாயை எடுத்தார்கள். வைகாசியில் ஸ்கேன் எடுத்தபோது கட்டி தெரியவில்லை. அந்த ஒன்பது நாள் என்ன செய்து வைத்திருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது, இரண்டு வருஷமாவது பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஊரில் கதை இதற்குள் முளைத்துவிட்டது. குழாயைப் பார்த்து மூக்கை மூடியவர்களே விரதத்தின் மகிமையைச் சொன்னார்கள். மாமா மறுபடி மண்டிக்குப் போக ஆரம்பித்திருந்தார். குரல் உடைந்து கரகரப்பாகத்தான் வரும். யாராவது விரதத்தைப் பற்றிப் பேசினால் குனிந்துகொள்வார். எடைக்கற்களைச் சத்தமில்லாமல் பெட்டியில் திருப்பி வைத்திருந்தார். பெல்ட்டை மட்டும் வீட்டில் வைத்திருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் தட்டில் விரல் வைப்பதுதான் என்று தோன்றியது. ஆனால் அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டியில் கூட்டமாக இருந்த நேரம். குருசாமி ஓர் ஆளைக் கூட்டி வந்தார். பெயர் முத்துராஜ், எலுமிச்சை லோடு ஓட்டுகிற டிரைவர். முப்பத்தெட்டு வயது. கன்னத்துக்குள் புண், வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காது. வரும் வியாழக்கிழமை கரண்ட் ஆரம்பம். விரதத்தில் ஜெயித்த மாமா கையால் மாலை போட்டுவிட வேண்டும் என்று குருசாமி கேட்டார். தட்டில் துளசி மாலை தயாராக இருந்தது. முத்துராஜ் வேறு ஒல்லி. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும்.

மாமா மாலையைத் தொடவில்லை. முத்துராஜை மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் ஏறச் சொன்னார். ஐம்பத்தொன்று புள்ளி நான்கு. என்னைப் பார்த்து, "புவனா, வெரசாப் போயி அந்தப் பெல்ட்ட எடுத்துட்டு வாத்தா" என்றார்.

நான் கொண்டுவந்தேன். பெட்டியிலிருந்து இரண்டு கிலோக் கல் மூன்றும் ஒரு கிலோக் கல் ஒன்றும் எடுத்துப் பெல்ட்டின் பைகளில் போட்டு, முத்துராஜின் இடுப்பில் தானே கட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். ஐம்பத்தெட்டு புள்ளி ஏழு. பெல்ட்டின் எடை போக, சரியாக ஏழு கிலோ கூடியிருந்தது. சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர், "என்னண்ணே, ஆளையும் சேத்து ஏத்துமதி பண்றீகளா?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"நான் ஆஸ்பத்திரில இப்படித்தான்யா நின்னேன்" என்றார் மாமா. "நாலு வாரம். முப்பத்து நாலு வருசமா இங்க ஒருத்தருக்கும் எடைய மாத்துனதில்ல. அங்க மாத்துனேன். ஒம்பது கிலோ போனதுல ஏழ, மூக்குக் கொழாய்க்குப் பயந்து மறைச்சேன். கரண்டு ஒம்பது நாளு நின்னுபோச்சு."

குருசாமி, அது சாமி காரியம், சபையில் பேசக் கூடாது என்று ஆரம்பித்தார்.

"சாமிக்காக இல்ல குருசாமி. முழுங்க முடியல. ஒவ்வொரு வாயும் நெருப்ப முழுங்குற மாதிரி. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் விரதம்னு சொன்னேன். விரதம்னா யாரும் கேக்க மாட்டாகல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "கொழாயிலதான் நான் பொழச்சேன். நீங்க மூக்கப் பொத்துனீகளே, அதுலதான்."

குருசாமி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முத்துராஜ் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நான்தான் கழற்றினேன். மூலையில் நின்ற ஒருவர் சுவரில் துப்பிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப நம்ம மொளகுலயும் என்னென்ன நடந்துச்சோ" என்று சொன்னார். மாமாவுக்கும் அது கேட்டது.

மறுவாரம், முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக, ஒருவர் மாமா நிறுத்த மிளகை எலக்ட்ரானிக் தராசில் மறுபடி வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்தவரும் வைத்துப் பார்த்தார். மாமா இரண்டு கையையும் தூக்கியபடி ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். ஒய்யம்மாள் வந்து கூடையை இறக்கினார். எடையைச் சொன்னதும் சரி என்று வாங்கிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் இப்போதும் பழைய கதைதான் ஓடுகிறது. மண்டியில் மாமா சொன்னது மலைக்குக் கீழே இறங்கவில்லை. இறங்கினாலும் எடையை ஏமாற்றினார் என்ற பகுதி மட்டும்தான் இறங்கும்.

முத்துராஜுக்கு இன்றோடு பதினான்கு கரண்ட் முடிந்திருக்கிறது. கேட்க வேண்டியதையெல்லாம் அவர் மனைவி முதல் நாளே மேடத்திடம் கேட்டுவிட்டார். இரண்டாம் வாரமே, எடை இறங்கும் முன்னால், குழாய் போட்டுவிட்டார்கள். அத்தை வாரம் இரண்டு கிலோ மாவு திரித்துக் கொடுத்தனுப்புகிறார். திங்கட்கிழமை முத்துராஜின் எடை ஐம்பத்தொன்று. பெல்ட் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. காலையில் நானே பார்த்தேன்.